முதல் அளவீடு இருந்த ஊரும் இல்லாத ஊரும்

2016 ஏப்ரல் 14 இரவு 9.26 மணிக்கு ஜப்பானின் குமமோட்டோ மாகாணம் குலுங்கியது. அளவு 6.2. மஷிகி என்ற சிறு நகரத்தில் அதிர்வின் கடுமை ஜப்பானிய அளவுகோலின் உச்சமான 7-ஐத் தொட்டது. மறுநாளே ஏஷியா ஏர் சர்வே என்ற நில அளவை நிறுவனம் விமானத்தை அனுப்பி, அந்தப் பகுதியை லேசரால் அளந்தது. பெரிய அதிர்ச்சி முடிந்துவிட்டது, அதன் விளைவைப் பதிவு செய்கிறோம் என்பதுதான் எண்ணம். முதல் அதிர்ச்சிக்குச் சுமார் 28 மணி நேரம் கழித்து, 16-ஆம் தேதி அதிகாலை 1.25-க்கு, 7.0 அளவில் உண்மையான பெரிய நிலநடுக்கம் வந்தது. நிலநடுக்கத்துக்குப் பிந்தைய பதிவு என்று எடுத்தது, விடிவதற்குள் முந்தைய பதிவு ஆகிவிட்டது. 23-ஆம் தேதி விமானம் மறுபடி பறந்தது. ஒரே ஊரின் மேல், ஒரு பேரழிவின் இரு பக்கமும், எட்டு நாள் இடைவெளியில் இரண்டு லேசர் அளவீடுகள். உலகில் எங்கும் எளிதில் கிடைக்காத ஜோடி இது. திட்டமிட்டு அமைந்ததல்ல.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2010 ஜனவரி 12 மாலை 4.53-க்கு, ஹெய்ட்டியின் தலைநகரம் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு மேற்கே லெயோகான் அருகில் அதே 7.0 அளவு நிலநடுக்கம் வந்தது. ஜனவரி 21 முதல் 27 வரை அங்கேயும் லேசர் விமானம் பறந்தது. செலவை உலக வங்கி ஏற்றது. இமேஜ்கேட் என்ற நிறுவனமும் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவனமும் சேர்ந்து நடத்தின. காட்டுத்தீயைக் கண்காணிக்க ராச்செஸ்டர் ஆய்வாளர்கள் உருவாக்கியிருந்த அகச்சிவப்புக் கேமராவும் விமானத்தில் இருந்தது. கருவியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு புள்ளிகள் விழுந்தன. மஷிகியில் 23-ஆம் தேதி விழுந்த அடர்த்தியும் ஏறக்குறைய இதேதான்.

ஆக, நிலநடுக்கத்தின் அளவு ஒன்று. கருவியின் வகை ஒன்று. புள்ளிகளின் அடர்த்தியும் ஒன்று. கட்டடங்கள் வேறு, அரசுகள் வேறு, இறந்தவர் எண்ணிக்கையோ ஒப்பிடவே முடியாதது. குமமோட்டோவில் நேரடியாக 50 பேர். ஹெய்ட்டியில் இரண்டு லட்சத்துக்கு மேல் என்றது அரசு, அந்த எண் இன்றும் சர்ச்சையில் இருக்கிறது. ஆனால் நகரம் எப்படி மாறியது என்று வானிலிருந்து அளந்து சொல்வதில் இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டுக்குக் காரணம் பணக்கார நாடு, ஏழை நாடு என்பதல்ல. குறைந்தபட்சம் நேரடியாக அல்ல. ஒரு ஊருக்கு முந்தைய அளவீடு இருந்தது. இன்னொன்றுக்கு இல்லை. மற்ற எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது என்பது என் கட்சி.

கருவி வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விமானத்தின் அடியிலிருந்து நொடிக்குப் பல்லாயிரம் லேசர் துடிப்புகள் கீழே போகின்றன. ஒவ்வொன்றும் எதிலோ பட்டுத் திரும்புகிறது. போய்வந்த நேரத்திலிருந்து தூரம் கிடைக்கிறது. விமானம் அந்தக் கணத்தில் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை ஜிபிஎஸ்ஸும் சமநிலை உணரியும் சொல்லிவிடுகின்றன. இவற்றைச் சேர்த்தால் ஒவ்வொரு துடிப்பும் தரையில் ஒரு புள்ளி. அதற்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் உண்டு. ஒரு கூரை இரண்டரை மீட்டர் கீழே இறங்கியிருந்தால் ஒளி திரும்பிவர ஒரு நொடியின் நூறு கோடியில் 17 பங்கு நேரம் கூடுதலாகும். கருவி அதை உணர்ந்துவிடும். மேலிருந்து பார்க்கும் மனிதக் கண்ணுக்கும் ஒற்றைப் புகைப்படத்துக்கும் இது முடியாது.

ஏன் முடியாது என்பது மஷிகியின் மர வீடுகளைப் பார்த்தால் விளங்கும்.

பழைய ஜப்பானிய வீடு இரண்டு மாடி, மரச்சட்டம், மேலே கனமான ஓட்டுக் கூரை. கீழ்த்தளத்தில் தெருப்பக்கம் அகலத் திறப்புகள். உறுதியான சுவர் குறைவு. அதிர்ச்சி வரும்போது மேல்மாடி ஒரு பெட்டியாக முழுசாக நிற்கிறது, கீழ்த்தளத் தூண்கள் பக்கவாட்டில் மடிகின்றன. மேல்மாடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறது. வானிலிருந்து எடுத்த படத்தில் என்ன தெரியும்? ஒரு கூரை. ஓடுகள் சில நழுவியிருக்கலாம், முகடு கொஞ்சம் கோணியிருக்கலாம். பக்கத்து வீட்டுக் கூரையிலும் ஓடுகள் நழுவித்தான் இருக்கின்றன. அந்த வீடோ உறுதியாக நிற்கிறது. மழைக்குப் பயந்து இரண்டின் மேலும் நீலத் தார்ப்பாய் விரித்துவிட்டால் படத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றில் கீழ்த்தளமே இல்லை என்பது புகைப்படத்தைப் பார்ப்பவருக்குத் தெரியாது. லேசர் அளவீட்டில் அந்த வீடு மட்டும் ஒரு மாடி அளவுக்கு இறங்கியிருக்கும். 15-ஆம் தேதியின் உயரத்தை 23-ஆம் தேதியின் உயரத்திலிருந்து கழித்தால் நகர வரைபடத்தில் அந்த வீடு தனித்துத் தெரியும்.

கழித்தல் கணக்குதானே என்று தோன்றும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990-களிலேயே இதைச் செய்தார்கள். ஹிரோஷி முரகாமியும் கூட்டாளிகளும் நகரக் கட்டடங்களின் மாற்றத்தை இரண்டு லேசர் உயரப் பரப்புகளைக் கழித்துக் கண்டறிந்து 1999-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் முன்னோடிகளில் ஒன்று. ஆனால் அவர்கள் ஆராய்ந்த நகரத்தில் தரை அசையவில்லை. மஷிகியில் தரையே நகர்ந்துவிட்டது. ஃபுதகவா பிளவு மஷிகி வழியாகவே ஓடுகிறது. டோசோன் பகுதி வயலில் வரப்புகள் 2.2 மீட்டர் விலகிக் கிடந்ததை நிலவியலாளர்கள் அளந்தார்கள். ஊரின் மற்ற பகுதிகளும், வீடும் தெருவும் தோட்டமும் சேர்ந்து, பக்கவாட்டில் தள்ளிப்போயிருந்தன.

இது கழித்தல் கணக்கில் என்ன செய்யும் என்று ஒரே ஒரு வீட்டை எடுத்துப் பார்க்கலாம். ஆறு மீட்டர் உயரமுள்ள, கீறல் கூட விழாத வீடு, தரையோடு சேர்ந்து ஒரு மீட்டர் கிழக்கே நகர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். பழைய அளவீட்டில் மேற்கு ஓரம் கூரை. புதியதில் அதே இடம் முற்றம். வித்தியாசம் ஆறு மீட்டர் இறக்கம். கிழக்கு ஓரத்தில் இதற்கு நேர்மாறாக ஆறு மீட்டர் ஏற்றம். கணினி அந்த வீட்டின் ஒரு பக்கம் இடிந்து மறுபக்கம் வளர்ந்திருப்பதாகச் சொல்லும். ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் இதே கதைதான். ஆகவே முதல் வேலை இடிபாட்டைத் தேடுவதல்ல. தரை எங்கே, எவ்வளவு நகர்ந்தது என்று கண்டுபிடித்து, பழைய அளவீட்டை அந்த அளவுக்குத் தள்ளிப் பொருத்துவது. லூயிஸ் மோயா, ஃபூமியோ யமசாகி, வென் லியு ஆகியோர் முதலில் இந்த நகர்வையே தனியாகக் கணக்கிட்டு ஒரு கட்டுரையாக்கினார்கள். பிறகுதான் 2018-இல் இடிந்த கட்டடங்களைப் பற்றிய ஆய்வு வந்தது.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது அதன் முடிவின் எளிமை. பல வழிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். கடைசியில் முன்னுக்கு வந்தது, ஒரு கட்டடத்தின் எல்லைக்கோட்டுக்குள் சராசரி உயரம் எவ்வளவு மாறியது என்ற ஒற்றை எண். சராசரி என்பதால் ஓர் ஓடு பெயர்ந்ததோ, மரக்கிளை நீட்டியிருந்ததோ கணக்கைக் குலைப்பதில்லை. தெருத்தெருவாக நடந்து எடுத்த கணக்கெடுப்போடு இந்த முடிவு ஒத்துப்போனது. முதல் பறப்பில் சதுர மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு புள்ளிகள்தான் விழுந்திருந்தன. இரண்டாவதில் அதைப் போல் இருமடங்கு. சமமில்லாத ஜோடி. இருந்தும் வேலை நடந்தது. முந்தைய அளவீடு மிக நேர்த்தியாக இருக்க வேண்டும் என்றில்லை, இருந்தால் போதும்.

கட்டடத்தின் எல்லைக்கோடு என்று போகிற போக்கில் சொன்னேன். அதுவும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டிய ஒன்று. ஜப்பானில் அரசின் நில வரைபட நிறுவனம் கட்டடங்களின் வெளிக்கோடுகளை வரைந்து வெளியிட்டு வைத்திருக்கிறது. எந்தப் புள்ளி எந்த வீட்டுக்கு உரியது என்ற கேள்வி அங்கே எழவில்லை.

போர்ட்-ஓ-பிரின்ஸில் இரண்டும் இல்லை. நிலநடுக்கத்துக்கு முன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் அந்த நகரம் ஏறக்குறைய வெற்றுத்தாள். சில பெரிய சாலைகள், அவ்வளவுதான். பேரழிவுக்குப் பிறகே உலகெங்கிலுமிருந்து தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருக்களை வரைந்தார்கள். உயரத்துக்குச் சொல்லவே வேண்டாம். ஜனவரி 11 அன்று அந்த நகரத்தின் எந்த வீடு எத்தனை மீட்டர் உயரம் என்பதற்கு லேசர் பதிவு எதுவும் கிடையாது.

கொடுமை என்னவென்றால், உயரத் தரவு மிகவும் தேவைப்பட்ட ஊர் அதுதான். ஹெய்ட்டியின் நகர வீடுகள் பெரும்பாலும் சிமென்ட் கற்களால் கட்டியவை, மேலே கனத்த கான்கிரீட் தளம். கம்பியும் சிமென்டும் சிக்கனம். அதிர்ச்சியில் சுவர்கள் நொறுங்க, தளத்தின் மேல் தளம் அடுக்கி வைத்த அடைகளைப் போல் படிந்துவிட்டது. மேல்தளம் மட்டும் பல வீடுகளில் முழுசாக இருந்தது. வானிலிருந்து பார்த்தால் அது ஒரு நல்ல மொட்டைமாடி. மூன்று மாடி வீடு ஒரு மாடி உயரத்துக்கு நசுங்கியதா, முதலிலிருந்தே ஒரு மாடி வீடுதானா? லேசர் அளவீட்டில் இரண்டும் மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு தட்டையான பரப்பு. ஜனாதிபதி மாளிகையின் மேல்தளம் கீழே இறங்கியதை உலகமே கண்டுகொண்டது. அந்த மாளிகையின் பழைய படங்கள் எல்லோரிடமும் இருந்தன. சரிவுகளில் ஏறிக் கிடந்த குடிசைப் பகுதிகளின் பழைய உருவம் யாரிடமும் இல்லை.

பின்னால் எடுத்த ஒரே அளவீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று ராச்செஸ்டர் ஆய்வாளர்கள் முயன்றார்கள். போர்ட்-ஓ-பிரின்ஸின் கூரைகள் பெரும்பாலும் தட்டையானவை. ஆகவே தட்டையாக இல்லாமல் சாய்ந்து, உடைந்து, கரடுமுரடாகக் கிடக்கும் பரப்பு இடிபாடாக இருக்கும் என்பது அவர்கள் பிடித்த நூல். நியாயமான யூகம்தான். குவிந்த இடிபாட்டின் கன அளவையும் இப்படி மதிப்பிட முடியும். அகற்ற வேண்டிய இடிபாடு சுமார் 1 கோடி கன மீட்டர் என்று ஐ.நா. அமைப்புகள் பேசிக்கொண்டிருந்த ஊரில் அது சின்ன விஷயமல்ல. ஆனால் இந்த வழி உடைந்த கூரையைத்தான் பிடிக்கும். தட்டையாக இறங்கிய கூரை தப்பிவிடும். மஷிகியில் எது எளிதாக அகப்பட்டதோ, இங்கே அதுவே கையை விட்டுப் போகிறது.

இதைவிடச் சிக்கல் மலைச்சரிவுகளில். ஒரு வீடு எவ்வளவு உயரம் என்று சொல்ல அதன் அடியில் தரை எங்கே என்று தெரிய வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஒருவர் கூரையின் மட்டத்தில் இன்னொருவர் வாசல், சந்துகளில் லேசர் துடிப்பு தரையைத் தொடுவதே அரிது. அந்த இடங்களில் தரை மட்டமே ஊகம் என்றால் உயரம் இன்னொரு ஊகம். ஒரே வழி, இடிவதற்கு முன் எடுத்த அளவீட்டோடு கழிப்பதுதான். அப்போது தரை எங்கே என்ற கேள்வியே தேவையில்லை. திரும்பத் திரும்ப அதே சுவரில் முட்டுகிறோம்.

இதுவரை சொன்னதைப் படித்தால் மஷிகிக்கு வெற்றி, போர்ட்-ஓ-பிரின்ஸுக்குத் தோல்வி என்று தோன்றலாம். காலத்தை வைத்துப் பார்த்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது.

ஹெய்ட்டியில் அதே விமானம் எடுத்த புகைப்படங்களையும் பிற வான்படங்களையும் இணையம் வழியே உலகெங்கும் உள்ள பொறியாளர்களிடம் பிரித்துக் கொடுத்தார்கள். ஜியோ-கேன் என்று அந்த முயற்சிக்குப் பெயர். 600-க்கும் மேற்பட்டவர்கள் 15 செ.மீ. நுணுக்கமுள்ள படங்களில் இடிந்த கட்டடங்களைத் தேடி ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். கடுமையாகச் சேதமானவை என்று 30,000-ஐ நெருங்கும் எண்ணிக்கை வந்தது. மேலிருந்து தெரியாத சேதத்தைத் தரையில் எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பின் விகிதங்களைக் கொண்டு ஈடுகட்டினார்கள். மார்ச் மாதத்துக்குள் இந்தக் கணக்கு, அரசும் நன்கொடை நாடுகளும் மேசையில் வைத்துப் பேசிய தேவை மதிப்பீட்டுக்குள் போய்விட்டது. குறைபாடுகள் உள்ள எண்தான். ஆனால் அந்த எண்ணைக் காட்டித்தான் பணம் கேட்டார்கள்.

மஷிகியின் அழகான கழித்தல் 2018-இல் ஆய்விதழில் வந்தது. வீடு இழந்தவர்களுக்கு நிவாரணம் பெறத் தேவைப்பட்ட சேதச் சான்றிதழ், அலுவலர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்துக் கொடுத்ததுதான். லேசரைக் கேட்டு யாரும் கொடுக்கவில்லை, கொடுத்திருக்கவும் முடியாது. இடியாமல் கோணலாக நிற்கும் வீட்டின் சராசரி உயரம் மாறுவதில்லை; ஆனால் அதில் யாரும் குடியிருக்க முடியாது. இன்னொரு ஓட்டையும் உண்டு. முதல் அளவீடு 15-ஆம் தேதி எடுத்தது. 14-ஆம் தேதி இரவே விழுந்துவிட்ட வீடுகள் அந்த அளவீட்டில் ஏற்கெனவே விழுந்தே கிடக்கின்றன. கழித்தலில் அவற்றுக்கு மாற்றம் சுழியம். தற்செயலாகக் கிடைத்த முந்தைய பதிவுக்கு நாம் கொடுத்த விலை இது.

எது ஏன் விழுந்தது என்பதும் லேசருக்குத் தெரியாது. மஷிகியின் மையப்பகுதியில் மர வீடுகளை ஆராய்ந்த கட்டடப் பொறியாளர்கள், 1981-க்கு முந்தைய விதிப்படி கட்டியவற்றில் 28.2 சதவீதமும், 1981 முதல் 2000 வரை கட்டியவற்றில் 8.7 சதவீதமும், அதற்குப் பின் கட்டியவற்றில் 2.2 சதவீதமும் இடிந்ததாகக் கணக்கிட்டார்கள். இந்த மூன்று எண்களுக்கு இணையான எதையும் எந்த விமானமும் தராது. வானிலிருந்து வருவது எங்கே என்பதற்குப் பதில். அதுவும் பெரிய பதில்தான்.

ஹெய்ட்டியின் லேசர் தரவும் வீண்போகவில்லை. நிலவியலாளர்கள் அதில் தேடியது வேறு: என்ரிக்கியோ பிளவின் கோட்டில் தரை கிழிந்திருக்கிறதா? புதிய கிழிசல் எதுவும் தென்படவில்லை. அந்தப் பிளவுதான் குற்றவாளி என்ற முதல் எண்ணத்தை மறுபரிசீலனை செய்ய இந்த இல்லாமை உதவியது. மாற்றத்தைக் காட்டப் போன கருவி, மாற்றம் இல்லை என்று காட்டியதில் பயன்பட்டது.

முந்தைய அளவீட்டைத் தற்செயலுக்கு விடாத நாடும் இருக்கிறது. நெதர்லாந்து 1990-களின் பிற்பகுதியிலிருந்து தன் முழு நிலப்பரப்பையும் லேசரால் அளந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி அளக்கிறது. கடல் மட்டத்துக்குக் கீழே வாழ்பவர்களுக்கு அணைக்கரையின் உயரம் உயிர்ப் பிரச்சினை, அதனால் தொடங்கினார்கள். எங்கே புதுக் கட்டடம் எழுந்தது, எங்கே மாடி ஏறியது, எந்த மரம் போனது என்பதெல்லாம் உபரியாகக் கிடைக்கிறது. அதில் எந்த அளவீடும் பேரழிவுக்காக எடுத்ததல்ல. நாளை ஒன்று வந்தால் ஒவ்வொன்றும் முந்தைய அளவீடாகும்.

ஆகவே பேரிடர் மேலாண்மைக்கு லேசர் விமானம் வாங்குவதாக ஓர் அரசு அறிவித்தால், நான் கேட்கும் முதல் கேள்வி, அது இந்த ஆண்டு, எதுவும் நடக்காத இந்த ஆண்டு, எந்த ஊர்களின் மேல் பறக்கப் போகிறது என்பதுதான். பதில் இல்லையென்றால் அந்தப் பணத்தில் பாதி போர்ட்-ஓ-பிரின்ஸில் செலவானதைப் போலத்தான் செலவாகும்: நல்ல தரவு வரும், கழிக்க முந்தைய அளவீடு இருக்காது. சதுர மீட்டருக்கு ஒரு புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை, இன்று அளந்து வைக்கலாம். நாளை பத்துப் புள்ளி போடும் கருவி வந்தாலும் நேற்றைய நகரத்தை அளக்க முடியாது.

இரண்டு ஊர்களின் லேசர் அளவீடுகளும் ஓப்பன்டோபோகிராஃபி என்ற தளத்தில் பொதுமக்களுக்குத் திறந்தே கிடக்கின்றன. பொறியியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள். சாதாரண மடிக்கணினியும் இலவச மென்பொருளும் போதும். மஷிகியின் ஒரு தெருவை எடுத்துக் கழித்துப் பார்க்கட்டும். பிறகு போர்ட்-ஓ-பிரின்ஸின் ஒரு தெருவைத் திறந்து, அங்கே எதிலிருந்து எதைக் கழிப்பது என்று யோசிக்கட்டும்.